ரெண்டு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி பருப்பு

எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் தலைப்புக்குக் கீழே “நான்கு பேருக்கு” என்று போட்டிருக்கும். அதனாலென்ன, நாலால் வகுத்தால் போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். வகுத்துப் பாருங்கள். ரசம் சுண்டிப்போகும், தாளிப்பு கருகும், தேங்காய் மிக்சியில் அரைபடாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நான் ஈரோட்டுப் பக்கம். வங்கி வேலையில் மாறுதலாகி நாகப்பட்டினத்துக்கு வந்திருக்கிறேன். மாடியில் ஒரு அறை, ஒரு சின்னச் சமையல் மேடை, இரண்டு பர்னர் அடுப்பு, இடுப்பளவு ஃபிரிட்ஜ். வீட்டுக்காரரும் பையனும் ஊரில். மாறுதலில் வந்தவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் தனியாக இருக்கும் அப்பா அம்மாக்கள், அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்று இப்படி ஒற்றை ஆளாக உலை வைக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். நமக்கென்று யாரும் குறிப்பு எழுதுவதில்லை. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வகுத்தல் கணக்கு ஏன் தப்பாகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. கொதிக்கும்போது எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்பது சட்டியின் வாய் அகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே இருப்பது ஒரு ஆளுக்கா நாலு ஆளுக்கா என்று சட்டிக்குத் தெரியாது. அதனால் கால் பங்கு ரசத்துக்குக் கால் பங்கு தண்ணீர் வைத்தால் போதாது. கொஞ்சம் கூட வைக்க வேண்டும், இல்லையென்றால் வாய் குறுகிய சின்னப் பாத்திரத்துக்கு மாற வேண்டும். தாளிப்பும் அப்படித்தான். அகன்ற வாணலியில் அரை ஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் அது பரவிப் படலமாகிவிடும், கடுகு அதில் முங்காது. சில கடுகு வெடிக்கும், சிலது பச்சையாக நிற்கும், அதற்குள் உளுத்தம்பருப்பு கருகியிருக்கும். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் இரும்புத் தாளிப்புக் கரண்டி ஒற்றை ஆளுக்காகவே செய்த சாமான். எண்ணெய் குழியில் தேங்கி நிற்பதால் அரை ஸ்பூனே தாராளம். எண்ணெயைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குக்கருக்கு ஆவி சேரவே அடியில் ஒரு டம்ளர் தண்ணீராவது வேண்டும். அஞ்சு லிட்டர் குக்கரில் ஒரு ஆளுக்கான அரிசியை நேரடியாகப் போட்டால் குழைந்த கஞ்சி, அல்லது அடிப்பிடித்த சோறு. இரண்டு லிட்டர் குக்கர் வாங்குங்கள். இல்லையென்றால் பெரிய குக்கரிலேயே அடியில் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு, அதன் மேல் சின்ன எவர்சில்வர் டப்பாவில் அரிசி, இன்னொரு டப்பாவில் பருப்பு, மேல் தட்டில் நறுக்கிய காய் என்று அடுக்கிவிடுங்கள். மூன்றும் ஒரே ஆவியில் வெந்துவிடும். காய் குழைய வேகும், அது கூட்டுக்கு ஆகும், பொரியலுக்கு ஆகாது.

கிரைண்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரை டம்ளர் உளுந்தைப் போட்டால் கல்லைச் சுற்றி ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கும், அரைபடாது. மாவு பாக்கெட் வாங்குவதை அம்மா இன்னும் ஒரு குற்றமாகத்தான் பார்க்கிறார். நான் பார்ப்பதில்லை. தெருமுனை மாவுக்கடையில் அன்றைக்கு அரைத்த மாவு அரைக் கிலோ கிடைக்கிறது. அதைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கடைசியில் வருகிறேன்.

அளவு சொல்வதில் நம் ஆட்கள் கில்லாடிகள். எலுமிச்சம்பழ அளவு புளி என்றால் குடும்பத்துக்கு. நெல்லிக்காய் அளவென்றால் இரண்டு பேருக்கு. கொட்டைப்பாக்கு அளவென்றால் அது எனக்கு. தராசு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம். அரிசிக்கும் பருப்புக்கும் என் கைதான் அளவு. என் கையில் ஒரு பிடி அரிசி நாற்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். உங்கள் கை பெரிதாக இருக்கும், உங்கள் பசியும் அதற்கேற்ப இருக்கும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

எங்கள் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, வரமிளகாய் தாளித்து ஒரே குக்கரில் எடுப்பது. காட்டு வேலைக்குப் போய் வந்தவர்கள் ராத்திரி அவசரத்துக்கு வைத்த சோறு. சாம்பார் தனியாக வேண்டாம், ரசம் வேண்டாம், மேலே ஒரு ஸ்பூன் நெய், பக்கத்தில் தயிர், முடிந்தது. வீட்டில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவார்கள். நான் இரண்டுக்கு ஒன்று போடுகிறேன். ரெண்டு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. இரண்டையும் கழுவிக் கால் மணி நேரம் ஊறவைத்துவிட்டு, அதற்குள் குளித்துவிட்டு வரலாம். குக்கரில் ஒரு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், நாலு மிளகு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை, எட்டுப் பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி என்று வரிசையாக வதக்கி, மஞ்சள்தூள், உப்பு, ஒரு பிடி முருங்கைக்கீரை, கையில் இருக்கும் ஏதாவது ஒரு காய். தண்ணீர் அரிசி பருப்பு சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு. மூன்று விசில். அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை கட்டி முடிக்கும்போது ஆவி அடங்கியிருக்கும், அப்படியே மதிய டப்பாவுக்குள் போகும்.

கீரையும் கேரட்டும் போடுவதை போனில் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அதென்ன கண்ணு, அரிசிம்பருப்பா, சாம்பார் சோறா? ஒண்ணாச்சும் ஒழுங்கா வை” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ருசி கொஞ்சம் மாறித்தான் போகிறது. ஆனால் காய் தனியாக, சோறு தனியாக என்று இரண்டு பாத்திரம் வைக்க ஆரம்பித்தால், காய் வைக்கிற வேலைதான் முதலில் கழன்று விழும். தனியாகச் சாப்பிடுகிற யாருடைய தட்டையும் பாருங்கள். சோறு இருக்கும், தயிர் இருக்கும், ஊறுகாய் இருக்கும், அப்பளமோ மிக்சரோ இருக்கும். காய் இருக்காது. “எனக்கு ஒருத்திக்கு எதுக்கு” என்று சொல்லி முதலில் வெட்டிவிடுவது அதைத்தான்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2,000 கலோரிக்கு, தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை மீன் இறைச்சி 85 கிராம், பால் தயிர் 300 மில்லி, கொட்டை விதை வகைகள் 35 கிராம், பழம் 100 கிராம், காய்கறி கீரை 400 கிராம். அந்தக் கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். தானியத்தைவிடக் காய் அதிகம். நம் இலையில் பொரியல் எங்கே இருக்கிறது? மேல் மூலையில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், ஊறுகாயைவிடக் கொஞ்சம் பெரிதாக. அந்த அளவைத் திருப்பிப் போட்டாலே ஆரோக்கியச் சமையல் வந்துவிடும், கீன்வாவும் அவகாடோவும் வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 400 கிராம் என்பது எனக்கே தினமும் முடிவதில்லை. முன்னூறு தாண்டினால் நல்ல நாள்.

காய் வாங்குவதில் ஒற்றை ஆளுக்குச் சந்தை ரொம்ப வசதி. சூப்பர் மார்க்கெட்டில் கத்திரிக்காயை வலைப்பையில் அரைக் கிலோவாகக் கட்டி வைத்திருப்பார்கள். சந்தையில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் கூறு கட்டிய காய் இருக்கும், அதிலும் பாதிக் கூறு கேட்டால் தருவார்கள். பூசணியைப் பத்தை போட்டு விற்பார்கள். முருங்கைக்காய் ஒன்று, வாழைக்காய் ஒன்று, நாலு வெண்டைக்காய், நாலு கத்திரிக்காய் என்று கலந்து வாங்கலாம். “சாம்பாருக்குக் குடுங்க” என்றால் போதும், இரண்டு கேரட், ஒரு முள்ளங்கி, கொஞ்சம் பீன்ஸ் என்று அவர்களே கலந்து கட்டிவிடுவார்கள். ஒரே காய் அரைக் கிலோ வாங்கினால் மூன்றாம் நாள் அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. ஒற்றை ஆள் சமையலில் குப்பைக்குப் போகும் காயெல்லாம் சலிப்பால் போவது.

கீரைதான் சிக்கல். ஒரு கட்டு என்பது நாலு பேர் கணக்கு. நான் வாங்கி வந்ததும் கழுவ மாட்டேன். வேரை வெட்டி, அழுகல் பொறுக்கி, ஈரம் படாமல் பருத்தித் துணியில் சுருட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு பாசிப்பருப்போடு கூட்டு. பாசிப்பருப்புக்குக் குக்கரே வேண்டாம், திறந்த பாத்திரத்தில் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் மலர்ந்துவிடும். மறுநாள் ஒரு பங்கு கேழ்வரகு அடைக்கு. கேழ்வரகு மாவு இரண்டு பிடி, பொடியாக நறுக்கிய கீரை, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போட்டால் ஊறவைக்க வேண்டியதில்லை, புளிக்க வேண்டியதில்லை, கால் மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது. நாற்பது தாண்டிய பெண்கள் அதை யோசித்தாவது வாரத்துக்கு இரண்டு தடவை தட்டலாம். மிச்சக் கீரை முட்டையோடு போகும்.

சாயங்காலம் ஏழரைக்கு வீடு வந்து சேரும்போது கை நேராக முறுக்கு டப்பாவுக்குப் போகும். அந்த நேரத்தில் வெங்காயம் உரிக்கச் சொன்னால் யாருக்கும் உடம்பு வளையாது. அதனால் சமையலை இரண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் என் முறை. உரிப்பது, அரைப்பது, வறுப்பது, ஊறவைப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. வாரநாளுக்கு அடுப்பு வேலை மட்டும். ஞாயிறு காலையில் பாட்டு ஓடவிட்டு கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து டப்பாவில் அடைத்துவிடுவேன். ஒரு தேங்காயை முழுதாகத் துருவி ஃப்ரீசரில். பாதித் தேங்காயை மூடியோடு வைத்து மூன்றாம் நாள் மஞ்சளாகியிருப்பதைப் பார்க்கிற சோகம் அதோடு தீர்ந்தது. வெங்காயத் தக்காளித் தொக்கு ஒரு பாட்டில், தண்ணீர் படாமல் எண்ணெய் பிரிய வதக்கினால் வாரம் முழுக்க ஃபிரிட்ஜில் நிற்கும். முதல்நாள் இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ வேகவைத்து, தண்ணீர் வடித்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில்.

பிறகு பொடி. மாவுச்சத்து மட்டும் உள்ளே போகாமல் காப்பாற்றுவது பருப்புப் பொடிதான். துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகு, வரமிளகாய், இரண்டு பல் பூண்டு வறுத்து உப்புப் போட்டுத் திரித்தால் மாசக்கணக்கில் கெடாது. சூடான சோறு, இரண்டு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், பக்கத்தில் வெள்ளரிக்காய்ப் பச்சடி. அடுப்பில் வேலை சோறு மட்டும். வறுத்த வேர்க்கடலையைக் கரகரப்பாகப் பொடித்து வைத்தால் எந்தப் பொரியலிலும் தேங்காய்க்குப் பதில் தூவலாம், மிக்சி வேலை மிச்சம். பொடி, தொக்கு, புளிக்காய்ச்சல், வற்றல், கருவாடு. பாட்டிகள் ஒரு ஆளுக்கும் ஒரு அவசரத்துக்கும் தோதாக எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வந்து இதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை நமக்கு இருந்ததில்லை.

அந்தத் தொக்கு இருந்தால் முட்டைக்கு ஐந்து நிமிடம். சின்ன வாணலியில் இரண்டு ஸ்பூன் தொக்கு, அரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். கொதி வந்ததும் இரண்டு முட்டையை மெதுவாக உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி, தீயைக் குறைத்துவிடுங்கள். தோசைக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, இரண்டு என்றால் ஒரு வேளைக்குக் கௌரவமான அளவு.

நாகப்பட்டினம் வந்த பிறகு நான் கற்றுக்கொண்டது மீன். எங்கள் வீட்டில் மீன் என்றால் விருந்தாளி வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிலோ, மூன்று மணி நேரம். இங்கே வந்துதான் மீனைவிட வேகமான சாப்பாடு கிடையாது என்று தெரிந்தது. மீன்காரம்மாவிடம் முதல் தடவை நாலே நாலு மத்தி கேட்டபோது, “வீட்ல எத்தன பேருக்கா?” என்றார். நான் மட்டும்தான் என்றேன். “ஒரு ஆளுக்குன்னா கூசாம கேளுக்கா, ஒரு ஆளு வயிறும் வயிறுதான?” என்று சொல்லி, செதில் உரசி, குடல் எடுத்து, ஐந்தாகவே போட்டுக் கொடுத்தார். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச்சாறு தடவி, குளித்துவிட்டு வந்து, இரும்புத் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் பக்கத்துக்கு நாலு நிமிடம். மத்தி விலையும் குறைவு, இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பும் அதில் நிறைய. வஞ்சரத்துக்காகக் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். அப்போது நெத்திலிக் கருவாடு. ஒரு பிடி போதும், கத்திரிக்காயோடு புளிக்குழம்பில் போட்டால் ஊரே மணக்கும். ஊர் மணப்பதுதான் பிரச்சினை. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா சைவம். இரவில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கருவாட்டுச் சட்டியைத் திறப்பேன். கருவாட்டை வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். நாள் முழுக்க ஒரு ஆளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறார்கள், கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் சேர்ந்தால் அது ஒரு வேளையிலேயே தாண்டிவிடும்.

மிச்சச் சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காலையில் வடித்த சோற்றை மேடையிலேயே மூடி வைத்துவிட்டு இரவு சாப்பிடுவது தனியாக இருப்பவர்களின் பொதுவான பழக்கம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. கடற்கரை ஊர் வெக்கையில் இது சும்மா சொல்கிற பயமில்லை. ஆறியதும், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஒரே ஒரு தடவைதான் சூடுபண்ணுங்கள். அதைவிட நல்லது, மிஞ்சாத அளவுக்கு வைப்பது. தேங்காய் போட்ட பொரியலும் கூட்டும் அன்றைக்கே தீர வேண்டும். புளிக்குழம்பு இரண்டாம் நாளும் நிற்கும், புளிப்பும் எண்ணெயும் காக்கும்.

வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆடிட் நடக்கிற வாரங்களில் எனக்கு மெஸ்தான் சோறு போடுகிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஒருத்திக்குச் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று சுற்றுச் சோறு எதற்கு? நான் முதல் சோற்றோடு நிறுத்திவிட்டு, பொரியலையும் கூட்டையும் இரண்டாம் தடவை கேட்பேன். பரிமாறுகிற தம்பி முதலில் ஒரு மாதிரி பார்த்தான், இப்போது கேட்காமலேயே கூட்டுக் கரண்டியோடு வருகிறான்.

மாவுக்கு வருவதாகச் சொன்னேன். அரைக் கிலோ பாக்கெட் ஒரு ஆளுக்கு மூன்று வேளை. முதல் நாள் இட்லி, நாலு குழி தட்டு ஒன்றை மட்டும் வைத்து. மறுநாள் தோசை, கல்லில் இருக்கும்போதே மேலே கேரட்டும் வெங்காயமும் கீரையும் தூவி, ஒரு ஸ்பூன் பருப்புப் பொடி போட்டு. மூன்றாம் நாள் புளிப்பு ஏறியிருக்கும், அது பணியாரத்துக்கு. மாவில் ஒரு பிடி ரவை, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஃப்ரீசர் தேங்காய், வெந்த தட்டைப்பயறு கொஞ்சம் கலந்து குழிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊற்றுங்கள், மூடி போட்டு ஒரு பக்கம், திருப்பிப் போட்டு மறுபக்கம். கல் வாங்கும்போது ஏழு குழி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு குழிக் கல்லில் ஒரு ஆளுக்கு ஊற்றினால் மிச்சக் குழிகள் சும்மா காய்ந்து புகையும்.